நகையை எடுக்கும் முன் பர்ஸில் இருக்கும் கார்டை எடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சம்பளம் 34,000 ரூபாய். மனைவிக்கு 39 வயது, வீட்டிலேயே தையல். ஏழு வருடமாக வீசிங், மூக்கில் சதை வளர்ச்சி. வாசனையே தெரிவதில்லை. போன வருடம் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டு மூச்சு முட்டி, ராத்திரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் சேராத ஆஸ்துமாவாம். சைனஸ் ஆபரேஷன் செய்து, ஒரு மாதம் கழித்து ஆஸ்பிரினையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கலாம் என்கிறார் டாக்டர். தனியாரில் இரண்டுக்கும் சேர்த்து 1,90,000 கேட்கிறார்கள். சதை திரும்ப வளரும், காசு தண்டம் என்கிறார் மச்சான். 20 மாதத்துக்கு முன் எடுத்த 5 லட்ச ரூபாய் பாலிசி இருக்கிறது. எட்டு சவரனை அடகு வைக்கலாமா? கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டும் ஒன்று உண்டு, பயன்படுத்தியதில்லை.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கார்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சொந்த பாலிசியில் சைனஸ் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் 24 மாதக் காத்திருப்பு இருக்கும், அதற்குள் க்ளெய்ம் கிடைக்காது. இன்னும் நாலு மாதம்தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் மனைவியின் நோய் பாலிசியைவிடப் பழையது. முன்பே இருந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்ல விதியில் இடமுண்டு. விண்ணப்பப் படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். ஆஸ்துமா என்ற இடத்தில் ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தால் (பல படிவங்களில் மேலிருந்து கீழ் வரை ஒரே டிக்தான்) இப்போதே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரீமியம் கூடலாம், சிக்கலும் வரலாம். மறைத்த நிலையில் க்ளெய்ம் போட்டால் பணமும் வராது, பாலிசியே ரத்தாகலாம்.

அந்தக் கார்டு, கம்பெனி ஊழியர்கள் எல்லாரையும் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசி. அதில் பொதுவாக இந்தக் காத்திருப்பு கிடையாது. பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். ஹெச்.ஆர்.-இடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மனைவி பெயர் சேர்ந்திருக்கிறதா, தொகை எவ்வளவு, அறை வாடகைக்கு வரம்பு என்ன. வரம்பு 3,000 என்றிருக்க 6,000 ரூபாய் அறையில் படுத்தால், பல பாலிசிகளில் அறை வாடகையோடு நிற்காது. சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் செலவு என்று அந்த விகிதத்திலேயே பாதியை வெட்டிவிடுவார்கள். ஏசி வேண்டாம், வரம்புக்குள் கிடைக்கும் படுக்கை போதும்.

ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் இன்ஷூரன்ஸே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) வாங்குவதில் பெரும்பாலும் சிரமம் இருக்காது. சிக்கல் வரக்கூடியது ஆஸ்பிரின் பழக்கும் கட்டத்தில். மூச்சுத் திணறினால் உடனே சமாளிக்க வசதியுள்ள இடத்தில் ஓரிரண்டு நாள் வைத்து, சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். 'இது வெறும் பரிசோதனைக்கான அட்மிஷன்' என்று இன்ஷூரன்ஸ் தரப்பு கை விரிக்கலாம். இது சிகிச்சை, மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடாதது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கி, அனுமதி கேட்கும்போதே இணைத்துவிடுங்கள். அப்புறம், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. எனவே ஆபரேஷனுக்குப் பிந்தைய மாத்திரைச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அட்மிஷனுக்கு முந்தைய செலவுக்குப் பெரும்பாலும் 30 நாள்தான். சிடி ஸ்கேனை அதற்குள் எடுத்தால் அந்த பில்லும் உள்ளே வரும்.

மச்சான் சொல்வது பாதி உண்மை. இந்த நோயில் ஆபரேஷன் மட்டும் செய்தால் சதை மறுபடி வளர்வது சகஜம். அதைத் தள்ளிப்போடத்தான் பிறகு தினமும் ஆஸ்பிரின். மொத்த பில்லிலும் மலிவான பொருள் அதுதான், ஆனால் விட்டால் வினை. இரண்டு மூன்று நாள் தவறினாலே பழகிய உடம்பு மறந்துவிடும். திரும்பவும் மருத்துவமனையில் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும், அதற்கும் பில் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பையில் கூடுதலாக ஒரு மாத்திரை அட்டை இருக்கட்டும். விட்டுப்போனால் டாக்டரைக் கேட்காமல் வீட்டில் தானாக மறுபடி தொடங்கவே கூடாது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு பயமும் உண்டு. அதற்கான மாத்திரை, மூக்கு ஸ்ப்ரே, இன்ஹேலர் எல்லாம் சேர்த்து மாதச் செலவை மெடிக்கல் ஷாப்பில் விலை கேட்டு எழுதுங்கள். பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் நிஜமான பட்ஜெட். அந்த மாதத் தொகை சம்பளத்தில் நிற்குமா என்று பார்த்த பிறகே ஆபரேஷன் தேதி குறியுங்கள்.

நகை? கார்டு கைகொடுத்த பிறகு துண்டு விழும் தொகைக்கு மட்டும், அதுவும் வங்கியில். தெருமுனை அடகுக்கடையில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது கேட்கச் சின்னதுதான், வருடத்துக்கு 24 சதவீதம். எட்டு சவரனையும் வைத்து வட்டி கட்டத் திணறினால், முதலில் நிற்கப்போவது மாத்திரை.

உங்கள் சம்பளத்துக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) கிடையாது, அதற்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000. முதலமைச்சர் காப்பீட்டுக்கும் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ஆனால் ராத்திரி ஓடிய அதே ஸ்டான்லியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு காலையில் போய் விசாரிப்பதற்கு வருமான வரம்பு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஹெச்.ஆர்.-ஐப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அறை வாடகை வரம்பை மறக்காமல் குறிப்பிடுங்கள், அதைப் பார்த்துவிட்டு எத்தனை சவரன் என்று சொல்கிறேன்.