‘வாரியளா’வும் வாரியலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலம் படித்தால் புரிகிறது, மெயில் எல்லாம் நானேதான் எழுதுகிறேன். ஆனால் அமெரிக்கக் கிளையன்ட் போனில் பேசினால் பாதி கைநழுவிப் போய்விடுகிறது. போன மாதம் அவர் ‘முடியாது’ என்று சொன்னதை ‘முடியும்’ என்று எடுத்துக்கொண்டு டீம் முன்னால் அசடு வழிந்தேன். இன்னும் நிறைய வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் தம்பி. இருக்கிற வார்த்தையே தாராளம். அது கண்ணுக்குப் பழகியிருக்கிறது, காதுக்குப் பழகவில்லை. எழுத்தில் வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டிருப்பார்கள், பேச்சில் அந்த இடைவெளி கிடையாது, ஒரே ஒழுக்கு. புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று தமிழ் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவரை நெல்லை வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, ‘வந்துக்கிட்டிருக்காவ’ என்று சொல்லிப் பாருங்கள், முழிப்பார். நமக்கு அதில் எதுவும் குறைவதாகவே தெரியாது, ஏனென்றால் காதில் விழாததை மனசு தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ரிச்சர்ட் வாரன் என்கிற உளவியல் ஆய்வாளர் ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமல் சத்தத்தை ஒட்டிப் போட்டுக் காட்டினார் (1970இல் வெளியிட்டது). கேட்டவர்களுக்கு இல்லாத அந்த ஒலியும் சேர்ந்தேதான் கேட்டது!

அந்தச் சௌகரியம் நமக்கு ஆங்கிலத்தில் கிடைப்பதில்லை. தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சமமாக இடம் கொடுத்துப் பேசுகிறோம், அவர்கள் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று வரும் என நீங்கள் காத்திருக்க, அவர் ‘வாட்டர்யகனடூ’ என்று ஒரே மூச்சில் விட்டுவிடுவார். இதில் வாட்டர் எங்கே வந்தது என்று நீங்கள் யோசிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் போயிருக்கும்.

உங்கள் ‘முடியும், முடியாது’ குழப்பமும் இதுதான். ‘கேன்ட்’ என்பதன் கடைசி ‘ட்’டுக்காகக் காத்திருந்திருப்பீர்கள், அமெரிக்கர் வாயில் அது பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். வாக்கியத்தின் நடுவில் ‘கேன்’ என்று முழுசாக, அழுத்தமாகக் காதில் விழுந்தால் அநேகமாக அது ‘முடியாது’தான்! ‘முடியும்’ என்றால் அது ‘க்ன்’ என்று நசுங்கி, அழுத்தம் அடுத்து வரும் வினைச்சொல்லில் போய் உட்காரும்.

எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கிற ஒரு பேச்சை எடுத்து, 30 விநாடி மட்டும் நாலு தடவை கேட்டு, கேட்டதை எழுதுங்கள். அப்புறம் ஒப்பிட்டுத் தப்பான இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்த வார்த்தையாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். படம் பார்த்தால் ஆங்கில சப்டைட்டில் வையுங்கள். ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலத்தை டச்சுக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களின் காது தேறியது, டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களைப் புது வாக்கியங்களில் அது பின்னுக்கு இழுத்துவிட்டது.

கேள்வி: பேத்திக்குப் பத்து மாதம். இங்கிலீஷ் காதில் விழுந்தாலே வந்துவிடும் என்று மகன் கார்ட்டூன் போட்டு அதன் முன்னால் உட்கார வைக்கிறான். சரிதானா?
- ஒரு பாட்டி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை அம்மா. பட்ரீஷியா குல் என்பவரும் அவர் குழுவும் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழியை வைத்துச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். எதிரே உட்கார்ந்து கொஞ்சிப் பேசியபோது அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்ற குழந்தைகள், அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. டிவியை அமர்த்திவிட்டு நீங்கள் பேசுங்கள். மகனுக்கு இங்கிலீஷ்தான் வேண்டுமென்றால் அவரே உட்கார்ந்து பேசட்டும்.

கேள்வி: சென்னையில் வளர்ந்தவள், கல்லிடைக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு மாதம் ஆகிறது. துடைப்பத்துக்கு இங்கே வாரியல் என்று பேர் என அத்தை சொல்லிக்கொடுத்த மறுநாளே பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்று ‘கோயிலுக்கு வாரியளா?’ என்றார். உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து நீட்டினேன். அத்தை இன்னமும் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.
- ஒரு மருமகள்

பதில்: நானும் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். நேற்றுக் கற்ற சொல் மனசின் வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கும், வருகிற சத்தத்தையெல்லாம் தானாக்கிக் காட்டும். இத்தனைக்கும் ‘கோயிலுக்கு’ என்று முன்னாலேயே ஒரு துப்பு கொடுத்திருக்கிறார், அதை விட்டுவிட்டீர்கள்! இந்த ஊர்ப் பேச்சில் முதலில் சொல்லின் வாலைப் பிடியுங்கள். ‘வந்தாவ’ என்றால் வந்தார்கள், ‘வந்திய’ என்றால் வந்தீர்கள், ‘வாரிய’ என்றால் வருகிறீர்கள், ‘வாரியளா’ என்றால் வருகிறீர்களா. இந்த ‘ஆவ’, ‘இய’ இரண்டும் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. கொஞ்ச நாளைக்குப் போனில் பேசுவதைக் குறைத்து முகம் பார்த்துப் பேசுங்கள், வாயசைவும் ஒரு கை கொடுக்கும்.

அது சரி, அன்றைக்குக் கோயிலுக்குப் போனீர்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே?