தொற்று வார்டிலா, வீட்டிலா? எப்படிக் கண்டுபிடிப்பது

கேள்வி: ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கோவிட் அலையில் எங்கள் வார்டு ஊழியர்கள் பலருக்கு பாசிட்டிவ் வந்தது. ‘எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டு வந்தது’ என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அடுத்த முறை இப்படி வந்தால், எங்கே தொற்றியது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. ஊர் முழுக்க வைரஸ் சுற்றும்போது ‘இவரிடமிருந்துதான் வந்தது’ என்று ஒருவரைக் கைகாட்டுவது பெரும்பாலும் நடக்காது. ஆனால் விசாரிக்காமலே ‘வீட்டிலிருந்துதான்’ என்று சொல்வதும் வெறும் ஊகம்தான்.

முதல் வேலை தேதி பார்ப்பது, அதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். டெஸ்ட் ரிசல்ட் வந்த தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் கதை தலைகீழாகிவிடும். ஆஸ்பத்திரி ஊழியர் என்பதால் உங்களுக்கு முதலில் டெஸ்ட் எடுத்திருப்பார்கள், வீட்டில் மாமியாருக்கு நான்கு நாள் முன்பே தொண்டை கரகரத்திருக்கும், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அதனால் அறிகுறி தொடங்கிய நாளை எடுங்கள். 2020-இல் பரவிய கோவிட் என்றால் அங்கிருந்து 14 நாள் பின்னால் போக வேண்டும், அதிலும் ஐந்தாவது நாளை ஒட்டிய ஷிஃப்டுகளை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் பரப்ப ஆரம்பிக்கலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் டியூட்டி ரோஸ்டர். எந்த பெட், எந்த ஷிஃப்ட், யார் கூட, நெபுலைசர் போட்டீர்களா, சக்‌ஷன் செய்தீர்களா (சளியை உறிஞ்சி எடுப்பது). இதையெல்லாம் எழுதுபவர்கள் மாஸ்க்கைக் கழற்றிய இடங்களை விட்டுவிடுவார்கள்: டீ குடித்த அறை, டிரஸ் மாற்றிய அறை, சேர்ந்து சாப்பிட்ட மேஜை. நோயாளியை மட்டும் சந்தேகப்பட்டால் பாதி உண்மை கையை விட்டுப் போய்விடும். ‘பிபிஇ (மாஸ்க், கையுறை மாதிரியான பாதுகாப்புக் கவசம்) சரியாகப் போட்டாயா’ என்ற ஒரே கேள்வியோடு முடிகிற விசாரணை குற்றம் சுமத்தத்தான் உதவும்.

ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு தெரியவரும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து செயின்ட் அகஸ்டின்ஸ் மருத்துவமனையைச் சொல்லலாம். 2020 மார்ச், ஏப்ரலில் அங்கே 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் தொற்றியது, நோயாளிகளில் 15 பேர் இறந்தார்கள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்து நிபுணர்கள் கேஸ் ஷீட்டுகளையும், யார் எந்த வார்டிலிருந்து எந்த வார்டுக்கு எப்போது மாற்றப்பட்டார் என்பதையும் ஒரே காலவரிசையில் வைத்துப் பார்த்தார்கள், வைரஸின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டார்கள். வரிசைகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. வெளியிலிருந்து ஒருமுறை நுழைந்த வைரஸ்தான் உள்ளுக்குள்ளேயே இத்தனை பேரிடம் பரவியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மரபணுச் சோதனை சர்வரோக நிவாரணி இல்லை. இந்த வைரஸின் மரபணு வரிசையில் இருக்கும் சுமார் 30,000 எழுத்துகளில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டுதான் மாறும். பத்து நாளுக்குள் நடந்த பரவலில் உங்கள் வைரஸின் வரிசையும் நோயாளியுடையதும் அச்சாக ஒன்றாக இருக்கலாம், யார் யாருக்குக் கொடுத்தார் என்று அது சொல்லாது. தெளிவாக வேறுபட்டால் மட்டும் அந்த இருவருக்கும் நேரடித் தொடர்பில்லை என்று தைரியமாக வெட்டிவிடலாம்.

நீங்கள் செய்யவேண்டியது: காய்ச்சல் வந்த அன்றே மேலே சொன்ன விவரங்களை எழுதிவைத்து, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். ஸ்வாப் மாதிரியைத் தூக்கிப் போடாமல் உறைநிலையில் வைக்கச் சொல்லி லேபிடம் உடனே கேளுங்கள். தள்ளிப்போட்டு எடுக்கும் மாதிரியில் வைரஸ் குறைந்துவிடும், மரபணு வரிசை சரியாகக் கிடைக்காது.