பட்டறைப் பதில்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் லாரி உதிரிபாகப் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் கம்பெனியின் ‘நோக்கம்’ என்ன என்று எழுதித் தர ஓர் ஆலோசகர் மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கிண்டி

மூன்று லட்சத்துக்கு நல்ல கம்ப்ரஸர் வாங்கலாம்.

எங்கள் பட்டறையின் நோக்கத்தை எழுதியது ஓர் அரம். ஒருமுறை 2,400 பின்கள் ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து, அதாவது சூடேற்றிக் கடினமாக்கப்பட்டு, வந்திருந்தன. லாரியின் ஸ்டீயரிங் பக்கம் போகிற பின்கள். வாடிக்கையாளரின் ஆய்வாளர் பத்தை எடுத்துப் பார்த்து முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார். வண்டியில் ஏற்றும்போது எங்கள் ஃபோர்மேன் ஒரு பின்னை எடுத்து அரத்தால் இழுத்தார். பதம் சரியாக ஏறியிருந்தால் அரம் வழுக்கும். இது கடித்தது. அடுத்தது வழுக்கியது. அதற்கடுத்தது மறுபடி கடித்தது. “சார், இது போகக் கூடாது” என்றார்.

அந்த வாரம் சம்பளம் போட வேண்டும். முத்திரைதான் குத்தியாகிவிட்டதே என்று ஒரு நிமிடம் வாதாடினேன். பொய் எதற்கு, அரை மணி நேரம் வாதாடினேன். பிறகு இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சோதித்து எழுநூற்றுக்கும் மேல் ஒதுக்கினோம். சம்பளம் ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. அதன் பிறகு பட்டறையில் யாருக்கும் நோக்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் 28 ஆண்டுகளாகக் கம்பெனி நடத்துகிறேன். 54 பேர் வேலை செய்கிறார்கள். மகன் கனடாவில் இருக்கிறான், மகள் மருத்துவர். இருவருக்கும் தொழிலில் நாட்டமில்லை. நல்ல விலைக்கு ஒருவர் கேட்கிறார். விற்றால் இவர்கள் கதி என்ன? விற்காவிட்டால் எனக்குப் பின் என்ன?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

விற்பது பாவமில்லை. வாங்க வருபவர் முதலில் இயந்திரங்களைப் பார்க்கிறாரா, மனைப் பத்திரத்தைக் கேட்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பத்திரத்தைக் கேட்டால் உங்கள் 54 பேரின் கதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

விற்காமல் நிலைக்க வைப்பதுதான் கடினம். அதைச் சாதித்த பெரிய இடங்களைப் பாருங்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1886இல் தொடங்கியது. ராபர்ட் பாஷ் 1942இல் இறந்தார். 1964இல் ஓர் ஏற்பாடு வந்தது: ஏறத்தாழ 94 சதவீதப் பங்குகள் அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் இருக்கின்றன, ஆனால் அவற்றின் ஓட்டுரிமை வேறொரு பொறுப்பாளர் அமைப்பிடம். லாபத்தில் வரும் பங்கு மருத்துவத்துக்கும் கல்விக்கும் போகிறது. அந்த அறக்கட்டளை கம்பெனி நிர்வாகத்தில் தலையிட முடியாது. அமெரிக்காவின் படகோனியாவும் அப்படித்தான். மலையேறுபவர்களுக்கு உடை விற்கும் அந்தக் கம்பெனியின் நிறுவனர் இவோன் ஷூனார்ட், 2022 செப்டம்பரில் ஓட்டுரிமை உள்ள 2 சதவீதப் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கும், ஓட்டில்லாத 98 சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்காக உழைக்கும் அமைப்புக்கும் கொடுத்துவிட்டார். இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றுதான்: பணம் போகும் வழியையும் ஓட்டு போகும் வழியையும் பிரித்தார்கள்.

திருமுடிவாக்கத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்பீர்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றாலே பங்கை இஷ்டப்படி வெளியாருக்கு மாற்றக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அந்தக் கட்டுப்பாடு ஆர்ட்டிகிள்ஸ் என்று ஆடிட்டர் சொல்லும் விதித்தொகுப்பில் இருக்கிறது. நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. வேறு யாருக்கோ தட்டச்சு செய்ததில் பெயரை மாற்றி நமக்குக் கொடுத்திருப்பார்கள். என்னுடைய கம்பெனிப் பத்திரங்களை 58 வயதில்தான் முதன்முதலாகப் படித்தேன். தேயிலை ஏற்றுமதி செய்யக்கூட எங்களுக்கு அதிகாரம் இருந்தது!

படித்த பிறகு திருத்தினோம். பங்கை விற்பவர் முதலில் உள்ளே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். விலையை ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே கணக்கில் ஆடிட்டர் போட்டு வைக்க வேண்டும். சாவு வீட்டில் பேரம் பேசக் கூடாது. அரம் பிடித்த அந்த ஃபோர்மேனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஏழு ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பங்கு மாற்றினேன். மகள்களுக்கு முன்னுரிமைப் பங்குகள்: ஆண்டுதோறும் டிவிடெண்ட் வரும், வழக்கமான விஷயங்களில் ஓட்டு கிடையாது. சின்னவள் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் முடிவெடுத்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். நீங்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏழு ஆண்டு என்றேனே, அதைக் கவனியுங்கள். உங்களுக்கு என்ன வயது என்று எழுதவில்லை.

பெருங்குடியில் ஐந்து பேருடன் மென்பொருள் கம்பெனி தொடங்கியிருக்கிறேன். முதலீட்டாளர் பணம் வாங்காதே, ஸோஹோவைப் பார் என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா, ஐயா?
– வாசகி, மடிப்பாக்கம்

பாதி சரி, அம்மா. முதலீட்டாளர் கொடுப்பது பெரும்பாலும் அவருடைய பணமல்ல. பலரிடம் வாங்கிய நிதி. அதற்குச் சுமார் பத்து ஆண்டு ஆயுள். அதற்குள் அவர் திருப்பித் தர வேண்டும் என்றால், அதற்குள் உங்கள் கம்பெனியை யாராவது வாங்க வேண்டும் அல்லது நீங்கள் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போடும் அன்றே விற்கும் தேதியும் ஏறத்தாழக் குறிக்கப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் குற்றமில்லை.

ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. 2009இல்தான் இன்றைய பெயர். வெளி முதலீடு இல்லாததால்தான் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போடவும், கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரவும் அவர்களால் முடிந்தது என்று நினைக்கிறேன். இந்தக் காலாண்டில் இதனால் என்ன லாபம் என்று கேட்க வெளியாள் இல்லை. ஆனால் உங்கள் மாமா சொல்லாத மீதிப் பாதி இது: அவர்களிடம் விற்கப் பொருள் இருந்தது. உங்களிடம் இப்போது பணம் கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? அந்த எண்ணை மாமாவிடம் சொல்லுங்கள்.

‘மனிதர்களே எங்கள் மூலதனம்’ என்று வரவேற்பறையில் எழுதி வைத்திருக்கும் கம்பெனி எனக்கு 120 நாள் கழித்துப் பணம் தருகிறது.
– ஜாப் ஒர்க் செய்பவர், அம்பத்தூர்

நீங்கள் அவர்களுடைய மூலதனம் என்பது உண்மைதானே! 120 நாள் வட்டியில்லாமல் உங்கள் பணத்தில் தொழில் செய்கிறார்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு இருக்கிறதா? குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று பயந்து நாம் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. 2023 நிதிச் சட்டத்தில் வந்த திருத்தம் அதைவிடக் கூர்மையானது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. எனவே அவர்களுடைய பர்ச்சேஸ் துறையை விட்டுவிட்டு, பிப்ரவரி கடைசியில் கணக்குத் துறைக்கு உதயம் எண்ணுடன் ஒரு கடிதம் போடுங்கள்.

நல்ல கம்பெனியா என்று தெரிந்துகொள்ள நான் வரவேற்பறைக்குப் போவதில்லை. அவர்களுக்கு அட்டைப் பெட்டி போடுகிறவரிடம் கேட்பேன்.

மூன்றாம் தலைமுறையில் குடும்பத் தொழில் அழியும் என்கிறார்களே?
– வாசகர், மயிலாப்பூர்

ஜப்பானில் கோங்கோ குமி என்று ஒரு கோயில் கட்டும் கம்பெனி. தொடக்கம் கி.பி. 578 என்பார்கள். தகுதியான மகன் இல்லாத தலைமுறையில் மருமகனுக்குக் குடும்பப் பெயர் கொடுத்துத் தலைவராக்கினார்கள். நம் நகரத்தார் பிள்ளை கூட்டிக்கொள்வதைப் போல. பதினான்கு நூற்றாண்டு தாண்டிய அந்தக் கம்பெனி, மனை விலை ஏறிய காலத்தில் கடன் வாங்கி நிலத்தில் போட்டு மாட்டிக்கொண்டது. 2006இல் வேறொரு கட்டுமானக் கம்பெனிக்குள் அடங்கிவிட்டது. தலைமுறையைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போதும் பட்டறைக்குப் போவதுண்டா?
– வாசகி, கொரட்டூர்

ஆயுத பூஜைக்குக் கூப்பிடுவார்கள். வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். அந்த விதியைப் போட்டது நான்தான். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் போன ஆண்டு ‘பொரி’ என்று எழுதினேன். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை.