கொக்கியை மட்டும் மாற்றுங்கள்

கேள்வி: செம்புக் கம்பியில் மணி கோத்து வீட்டிலேயே கம்மல் செய்து, தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். சிலருக்குக் காது பச்சையாகிறது, சிலருக்கு அரிக்கிறது. சில கம்மல்களில் வளையம் விரிந்து மணி விழுந்துவிடுகிறது. தங்க முலாம் பூசிய கம்பிக்கு மாறலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா. முலாம் கம்பியைப் பிளேயர் கவ்வுகிற இடத்தில் பூச்சு கீறிவிடும். வெட்டிய நுனியிலோ உள்ளே இருக்கும் உலோகம் அப்படியே தெரியும். காதுத் துளைக்குள் போவது அந்த நுனிதானே!

பச்சை நிறம் செம்பும் வியர்வையும் சேர்ந்து வருவது. சோப்பு போட்டால் போய்விடும், பயமில்லை. அரிப்பை மட்டும் லேசாக விடாதீர்கள். பலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. முலாம் பூசிய மலிவுக் கொக்கிகளில் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல்தான் இருக்கும். அதனால் கம்மல் செம்பிலேயே இருக்கட்டும், காதில் மாட்டும் கொக்கியை மட்டும் 92.5 வெள்ளிக் கம்பியில், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி உள்ள கம்பியில் செய்யுங்கள். 0.8 மி.மீ. தடிமன் போதும். நுனியை நைஸ் உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்து, உங்கள் உதட்டில் வைத்துப் பாருங்கள். துளி சுரசுரப்பு இருந்தாலும் உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

வளையம் விரிவதற்குக் காரணம், கம்பி மெலிசாக இருப்பது. கடையில் கேஜ் எண், அதாவது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண், சொல்லி வாங்காதீர்கள். அமெரிக்கக் கணக்கில் 20 கேஜ் 0.81 மி.மீ., நம் ஊர்க் கடைகளில் பார்க்கிற எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கணக்கில் அதே 20 என்பது 0.91 மி.மீ. மில்லிமீட்டரில் கேளுங்கள். மணி தொங்குகிற கம்பி 0.8, சுற்றிப் பின்னுவதற்கு 0.3 போதும். பின்னுகிற கம்பி மோட்டார் வைண்டிங் கடையிலேயே எடைக்குக் கிடைக்கும். அதன் மேல் எனாமல் பூச்சு இருப்பதால் சீக்கிரம் கறுக்காது. பூச்சை நெருப்பில் காட்டி எரிக்க மட்டும் வேண்டாம், புகை கெடுதல்.

வளையத்தை வெறுமனே மடக்கி விடாமல், மணிக்கு மேலே 3 செ.மீ. கம்பி விட்டு, செங்குத்தாக மடக்கி, ரவுண்ட் நோஸ் பிளேயரில் (மூக்கு உருண்டையாக இருக்கும் குறடு) சுழற்றுங்கள். மிச்ச வாலை வளையத்தின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று இறுக்கி வெட்டுங்கள். இனி இழுத்தாலும் விரியாது. கோணல் வந்தால் நிமிர்த்தி நிமிர்த்தி மடக்காதீர்கள். செம்பு வளைக்க வளைக்க விறைத்துப்போய்ப் பட்டென்று ஒடியும். அந்தத் துண்டைப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி எடுங்கள். அந்த விறைப்பு கொக்கிக்கு நல்லது. வளைத்து முடித்த கொக்கியை இரும்புத் தகட்டின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் வடிவம் அப்படியே நிற்கும். வெள்ளிக்கும் இது பொருந்தும்.

அப்புறம், பூச்சு இல்லாத செம்பு கறுத்தால் நம் புளியும் உப்பும் போதும். மணி கோப்பதற்கு முன்பே தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். முத்து கோத்த கம்மலில் புளி படவே கூடாது. முத்தின் பளபளப்பைப் புளிப்பு அரித்துவிடும்.