உணவில் கொழுப்பை நிறுத்தினால் புற்றுநோய்ச் செல்கள் பட்டினி கிடக்குமா?

கொழுப்பு இல்லாமல் புற்றுநோய்ச் செல்கள் பெருக முடியாது என்றால், உணவில் கொழுப்பை அடியோடு நிறுத்திக் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் முற்பாதி சரி. பிற்பாதியில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் சவ்வுகளை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் கொழுப்பமிலங்கள் தேவை. ஆனால் பல புற்றுநோய்ச் செல்கள் இதற்காக இரத்தத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. குளுக்கோஸிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் சிட்ரேட் என்ற சேர்மம் வெளியே வந்து, அசிட்டைல் கோ-ஏ என்னும் இரு கார்பன் கட்டுமானப் பொருளாகிறது. அதைக் கொண்டு கொழுப்பமில சிந்தேஸ் என்னும் நொதி, இரண்டிரண்டு கார்பன்களாகச் சேர்த்து, 16 கார்பன்கள் கொண்ட பால்மிடிக் அமிலத்தைக் கட்டி முடிக்கிறது. நலமான உடலில் கல்லீரல், கொழுப்புத் திசு, பால் சுரக்கும் மார்பகம் போன்ற சில இடங்களைத் தவிர இந்நொதிக்குப் பெரிய வேலை இல்லை. கட்டித் திசுவால் கொழுப்பமிலங்களை உருவாக்க முடியும் என்பது 1953-இலேயே காட்டப்பட்டது. தீவிரமான மார்பகப் புற்றுநோய்களில் மிகுந்து காணப்பட்ட ஓஏ-519 என்ற புரதம் இதே நொதிதான் என்று 1994-இல் தெரியவந்தது.

வளர்ச்சிக் கட்டுப்பாடு இதில் எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. கொலஸ்டிரால் போதுமான அளவில் இருக்கும்வரை எஸ்ஆர்இபிபி என்னும் புரதம் செல்லினுள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலிலேயே பிடித்துவைக்கப்பட்டிருக்கும்; குறைந்தால் அது செல்லின் மற்றொரு சவ்வு அமைப்பான கோல்கி உறுப்புக்குச் சென்று, இரு முறை வெட்டுப்பட்டு, அதன் துண்டு உட்கருவுக்குள் நுழைந்து கொழுப்புத் தொகுப்புக்கான மரபணுக்களை இயக்கும். பல புற்றுநோய்களில் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியே தொடரும் வளர்ச்சிச் சமிக்ஞை அணையாமலே இருப்பதால், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஸ்ஆர்இபிபி தூண்டப்படுகிறது. எதிர்த்திசையிலும், அதாவது கொழுப்பிலிருந்து வளர்ச்சிச் சமிக்ஞைக்கும், கட்டளை செல்கிறது: ஏகேடியைச் சவ்வுக்கு அழைப்பதே பிஐபி3 என்ற கொழுப்பு மூலக்கூறுதான். அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்கி அழைப்பை நிறுத்தும் பிடென் புரதத்தைப் பல கட்டிகள் இழந்துவிடுகின்றன. வளர்ச்சிக் கட்டளையைக் கடத்தும் ராஸ் புரதமும், கொலஸ்டிரால் தொகுப்புப் பாதையில் பிறக்கும் ஃபார்னெசில் என்ற கொழுப்பு வால் இல்லாமல் சவ்வில் ஒட்டிக்கொள்ள இயலாது. ஆகவே கொழுப்பை வெறும் எரிபொருள் என்று எண்ணுவது பாதி உண்மைதான்.

உணவில் கொழுப்பை நிறுத்தினாலும் கட்டி குளுக்கோஸிலிருந்து தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும். ஏற்கெனவே எடை இழந்துவரும் நோயாளிக்கோ அது கேடாகவே முடியலாம். மருந்தால் கொழுப்பமில சிந்தேஸைத் தடுப்பதும் எளிதன்று, ஏனெனில் செல் இரத்தத்திலிருந்து கொழுப்பை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆக்ஸிஜன் குறைந்த கட்டியின் உட்பகுதியில் இது இயல்பாகவே நடக்கிறது: கொழுப்பமிலத்தில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நொதிக்கு ஆக்ஸிஜன் தேவை என்பதால், அங்குள்ள செல்கள் இரட்டைப் பிணைப்புள்ள நிறைவுறாக் கொழுப்பை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இப்போது நான் நம்பிக்கையோடு கவனிப்பது வேறொரு பலவீனத்தை. சவ்வில் பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பமிலங்கள் மிகுந்தால், இரும்பின் துணையோடு அவை ஆக்ஸிஜனேற்றம் அடைந்து செல்லைக் கொல்லும். 2012-இல் இதற்கு ஃபெராப்டோசிஸ் என்று பெயரிடப்பட்டது. செல் தானே செய்துகொள்ளும், இரட்டைப் பிணைப்பே இல்லாத (நிறைவுற்ற) அல்லது ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட கொழுப்புகள் இந்தச் சிதைவுக்கு எளிதில் ஆளாவதில்லை. அதனால், கொழுப்புத் தொகுப்பைத் தடுத்து, அதே வேளையில் ஃபெராப்டோசிஸையும் தூண்டினால் கட்டி தாங்குமா என்பது ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டுவருகிறது.