தமிழ் அச்சுக்கோப்பில் நுண்வேலைகள்: லேடெக் (கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) கேள்வி பதில்

கேள்வி: "ரூ." வரிக் கடைசியிலும் "500" அடுத்த வரியிலும் விழுகிறது. 400 பக்கத்தையும் கையால் திருத்தணுமா?

வேண்டாம். "ரூ.", "பக்.", "கி.பி." ஆகியவற்றுக்குப் பின் வரும் வெற்றிடத்தை, அடுத்தது எண்ணாக இருந்தால் மட்டும் ~ (வரி முறியாத வெற்றிடம்) ஆக்குங்கள். எண்ணுக்குப் பின் "கி.மீ." வந்தாலும் அப்படியே. பெயரின் தலைப்பெழுத்துகளுக்கு நடுவே \, (சிறு வெற்றிடம்) போதும். அதுவும் முறியாது, ~ விடக் குறுகலானது. மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள், தேடி-மாற்றை நகலில் ஓட்டுங்கள்.

கேள்வி: "கெளரவம்" என்று (கெ, ள என இரண்டு எழுத்தாக) தட்டியதையெல்லாம் "கௌரவம்" ஆக்க ஒரே மாற்று போதுமா?

"கெள" வரும் இடத்தையெல்லாம் கண்மூடி மாற்றினால் "கெளிறு" மீனும் கெட்டுப்போகும். "தெள" மாற்றினால் "தெளிவு" போச்சு. "ஒள" மாற்றினால் "ஒளி" சிதையும். சொல்பட்டியல் வைத்து மாற்றுங்கள்: கெளரவம், கெளதமர், ஒளவை, ஒளடதம். நகலில்!

கேள்வி: பத்தியின் கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்துக்குப் போகிறது.

விடோபெனால்டி (பத்தியின் கடைசி வரி தனியானால் தண்டம்), கிளப்பெனால்டி (முதல் வரி தனியானால் தண்டம்) இரண்டையும் 10000 ஆக்குங்கள். இயல்பு மதிப்பு 150. பக்க அடி சமமாக இருக்கணும் என்றும் கேட்டால் பத்தி இடைவெளிகள் இழுபடும். இரண்டில் ஒன்றை விடுங்கள்.

கேள்வி: தமிழுக்குச் சொல்முறிப்பே தேவையில்லை. சொல் முழுசாக அடுத்த வரிக்குப் போகட்டுமே?

"சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு" 16 எழுத்து. குறுகிய பத்தியில் அதை முழுசாகத் தள்ளினால் மேல்வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். முறிப்பு வேண்டும், எங்கே முறிப்பது என்பதே கேள்வி. மெய்யெழுத்து வரியின் தலையில் நிற்கக் கூடாது: "அம்-மா" சரி, "அ-ம்மா" தப்பு.

கேள்வி: நாளிதழில் எங்கு வேண்டுமானாலும் முறிக்கிறார்களே?

முறிக்கிறார்கள். படிக்கிறவர் தடுக்கி விழுகிறார்.

கேள்வி: முறித்தால் குறைந்தது 2 எழுத்து அடுத்த வரிக்குப் போகணும் என்று வைத்தும் "து" மட்டும் கீழே விழுகிறது.

டெக் (லேடெக்கின் அடிப்படை நிரல்) எண்ணுவது யூனிகோடு குறிகளை, நம் எழுத்துகளை அல்ல. "து" என்பது த, உகரக்குறி என இரண்டு. அதனால் அந்த எண்ணிக்கையை (வலப்பக்க எல்லையை) 4 ஆக்குங்கள். மொழியைத் தேர்ந்த பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் மொழிக்கட்டளை அதை அழித்துவிடும்.

கேள்வி: முறிக்கும் இடத்தில் கோடு?

தமிழில் பெரும்பாலும் போடுவதில்லை. ஸீலேடெக்கில் (யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாக ஏற்கும் லேடெக் வகை) முறிப்புக்குறியாக யூனிகோடில் 8204-ஆம் எண்ணுள்ள அகலமில்லாக் குறியைக் கொடுங்கள். இது எழுத்துருவுக்கு எழுத்துரு தனி அமைப்பு. உடல் எழுத்துருவுக்கு மட்டும் கொடுத்தால் தடித்த எழுத்தில் கோடு எட்டிப்பார்க்கும். எழுத்துருவில் அந்தக் குறி இல்லாவிட்டால் பெட்டி விழலாம், சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: மைக்ரோடைப் (வரிகளை நுட்பமாகச் சீர்செய்யும் துணைத்தொகுப்பு) ஸீலேடெக்கில் வேலை செய்யுமா?

நிறுத்தக்குறியை விளிம்புக்கு வெளியே தள்ளுவது நடக்கும். எழுத்தை நீட்டிச் சுருக்குவது நடக்காது.

கேள்வி: "பக்." பிரிகிறது, என்ன செய்ய?

முதல் பதில்.

கேள்வி: வேர்டில் இதெல்லாம்…

வேர்டு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1,00,000 என்று காற்புள்ளி தானாக விழுமா?

எஸ்ஐயூனிட்எக்ஸ் (எண்களையும் அலகுகளையும் அமைக்கும் துணைத்தொகுப்பு) மூன்றாம் பதிப்பில் விழும். முதல் தொகுதிக்கு 3, மற்றவற்றுக்கு 2 என்று இலக்கத் தொகுதியின் அளவைக் கொடுத்து, பிரிப்பானாகக் காற்புள்ளியை வையுங்கள். ஆண்டுகளை மட்டும் அந்தக் கட்டளைக்குள் போடாதீர்கள்.

கேள்வி: "ஒள" வரும் இடத்தையெல்லாம் மாற்றினேன், "ஒளி" எல்லாம் "ஔி" ஆகிவிட்டது. பழைய கோப்பு இல்லை.

"ஔ" அடுத்து உயிர்க்குறி தமிழில் வராது. அந்தச் சேர்க்கையைத் தேடினால் கெட்டவற்றில் பெரும்பகுதி சிக்கும். குறி இல்லாதவற்றைக் கண்ணால்தான் பார்க்கணும். நகல் எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதியிருந்தேன்.