வீடு மாறும் நேரத்தில் பிள்ளையோடு ஒரு படம்

கேள்வி: டிசம்பரில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து தெங்காவுக்கு வீடு மாறுகிறோம். ஜனவரியில் மகள் புதிய பள்ளியில் தொடக்கநிலை 4 சேர்வாள். என்ன கேட்டாலும் “ஒன்றுமில்லை” என்கிறாள். ‘இன்சைட் அவுட்’ படத்தைக் காட்டினால் உதவுமா?

பதில்: உதவும். ஆனால் அவளுக்குக் காட்டுமுன் பெற்றோர் இருவரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிக்சார் நிறுவனம் தயாரித்து 2015இல் வெளிவந்த இந்த அனிமேஷன் படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயரும் 11 வயது ரைலியின் மனத்துக்குள் மகிழ்ச்சி, சோகம், அச்சம், கோபம், அருவருப்பு ஆகிய ஐந்தும் பாத்திரங்களாக உலவும். 2024இல் வந்த இரண்டாம் பாகம் பதின்ம வயதுப் பதற்றத்தைப் பற்றியது. அது இப்போது வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடும். அப்பாவுக்கு நெருக்கடியான நேரம், நீ சிரித்த முகமாக இருந்தால் நமக்குப் பெரிய உதவி என்று அம்மா ரைலியிடம் சொல்வார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அதன்பிறகு அந்தப் பிள்ளைக்கு அழ இடமில்லை. கடைசியில் அம்மாவின் கடன் அட்டையை எடுத்துக்கொண்டு தனியே பேருந்து ஏறிவிடுகிறாள். “புது வீடு, உனக்குத் தனி ரூம், அப்புறம் என்ன?” என்று வீட்டில் அடிக்கடி சொல்லியிருந்தால், உங்கள் மகளின் “ஒன்றுமில்லை” அதிலிருந்தும் வந்திருக்கலாம்.

வீடு மாற இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வார இறுதிப் பிற்பகலில் சேர்ந்து பாருங்கள். தூங்கப்போகும் நேரம் வேண்டாம். ராட்சதக் கோமாளி வரும் பகுதி சில பிள்ளைகளைப் பயமுறுத்தும். ரைலியின் கற்பனைத் தோழன் பிங் பாங் தன் வண்டியை இழந்து நிற்கும் இடத்தில் படத்தைச் சற்று நிறுத்துங்கள். மகிழ்ச்சி கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்க்கும், பலிக்காது. சோகம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்கும். அவன் அழுதுவிட்டு எழுந்து நடப்பான்.

அங்கே மகளிடம் கேள்வி கேட்காதீர்கள். “பக்கத்து வீட்டு ஆன்ட்டியை விட்டுட்டுப் போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு” என்று உங்களுக்கு உண்மையாக இருப்பதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவள் வாய் திறந்தால், “அங்கேயும் ஃபிரண்ட்ஸ் கிடைப்பாங்க” என்று உடனே சமாதானம் சொல்லாதீர்கள். அதுவும் கிச்சுக்கிச்சு மூட்டுவதுதான். அவள் பேசாவிட்டாலும் படத்தைத் தொடருங்கள்.

படம் முடிந்தபின் பலர் சறுக்குவது இங்கேதான்: “இப்ப உள்ளே யார் இருக்கா?” என்று தினமும் விசாரிப்பார்கள், பிள்ளை கோபப்பட்டால் “பார், கோபம் வந்துட்டான்” என்பார்கள். இரண்டும் அவளை இன்னும் மூடிக்கொள்ளச் செய்யும். அந்தப் பெயர்களை அவளே பயன்படுத்தினால் மட்டும் நீங்களும் பயன்படுத்துங்கள்.

பழைய தோழியோடு வீடியோவில் பேசும்போதுதான் ரைலிக்குக் கோபம் பொங்கும். அந்தத் தோழிக்குப் புதுக்கூட்டு கிடைத்துவிட்டது. ஆகவே அழைப்பை மட்டும் நம்பாமல், ஈசூன் தோழிகளை நேரில் சந்திக்கும் நாளை இப்போதே குறித்து அவளிடம் சொல்லிவிடுங்கள். தெங்காவுக்கும் ஈசூனுக்கும் தூரம் அப்படியொன்றும் அதிகமில்லை.

பள்ளி தொடங்கிச் சில வாரங்கள் ஆனபிறகும் காலையில் வயிற்றுவலி, தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு ஆகியவை நீடித்தால், வகுப்பாசிரியர் வழியாகப் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.